மாதா காலடியில் ஒரு மாத்திரை

நான்காம் வகுப்பு படிக்கும்போது எனக்கு வலிப்பு வரும் என்பது பள்ளியில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், எங்கள் வகுப்பு டீச்சருக்கு. மற்றவர்களுக்குத் தெரிந்தால் யாரும் என் பக்கத்தில் உட்காரமாட்டார்கள், பின்னால் மாப்பிள்ளையும் கிடைக்காது என்று அம்மா பயந்தாள். மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு அப்போது ஒரு கவலையும் இல்லை. மதிய மாத்திரை தப்பினால் எல்லார் முன்னாலும் விழுந்து கிடப்பேனே என்பதுதான் கவலை.

அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகும் எங்கள் தோட்டத்து மல்லிகையில் ஒரு முழம் கட்டி, வாழையிலையில் சுருட்டி, இலை மடிப்புக்குள் மாத்திரையைச் செருகி டீச்சருக்குக் கொடுத்தனுப்புவாள். டீச்சர் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு மாத்திரையை மேசை டிராயரில் போட்டுவிடுவார். சாப்பாட்டு மணி அடித்ததும் ஏதோ வேலை சொல்வதுபோல என்னைக் கூப்பிட்டுக் கொடுப்பார். பார்க்கிறவர்களுக்கு நான் டீச்சரைக் காக்காய் பிடிக்கிறவள். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒருநாள் டீச்சர் லீவு. அவருக்குப் பதிலாக ஒரு சிஸ்டர் வந்தார். பழக்கதோஷத்தில் பொட்டலத்தை நீட்டிவிட்டேன். கன்னியாஸ்திரீகள் பூ வைக்கமாட்டார்கள் என்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது. சிஸ்டருக்கோ ஏக சந்தோஷம்.

"மாதாவுக்கா கொண்டாந்த? நல்ல பிள்ளை."

பிரிக்காமலே எடுத்துப்போய், முற்றத்தில் பாறைக் குகைபோலக் கட்டியிருந்த கெபியில் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டார்.

அன்று எந்தப் பாடமும் என் காதில் ஏறவில்லை. ஜன்னல் வழியாகக் கெபியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கை கொத்திக்கொண்டு போய்விடுமோ என்று பயந்தேன். விரல் லேசாகத் துடித்தால்கூட, வந்துவிட்டது என்று பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மணி அடித்ததும் ஓடிப்போய்க் கெபியில் ஏறிவிட்டேன். பிள்ளைகள் ஏறக்கூடாத இடம். பொட்டலத்தைப் பிரித்து மாத்திரையை வாயில் போட்டதுதான் தாமதம், என் காது சிஸ்டர் கையில் இருந்தது.

"மாதா பூவையா திருடுற? எதுக்கு எடுத்த, சொல்லு!"

வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தண்ணீரில்லாமல் மாத்திரை நாக்கில் கரைந்து வேப்பங்காயாய்க் கசந்தது. கண்ணீர் வழிய, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். கெபி முன்னால் முட்டிபோட வைத்தார். பிள்ளைகள் "பூத்திருடி, பூத்திருடி" என்று சுற்றி வந்தார்கள். எங்கள் தோட்டத்துப் பூவுக்கு நானே திருடி!

சாயங்காலம் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஒருத்தருக்கும் தெரியாதும்மா. பூத்திருடின்னுதேன் நெனச்சிருக்காக."

மெச்சுவாள் என்று நின்றேன். அவள் என் முட்டியைத் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் பூவெடுக்கப் போகாமல் என்னோடு பள்ளிக்கு வந்தாள். பிரேயருக்கு எல்லாரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சர் அன்றும் லீவு. என் கையைப் பிடித்தபடி நேரே சிஸ்டரிடம் போய், மாத்திரை அட்டையை நீட்டினாள்.

"எம்பிள்ள திருடி இல்ல சிஸ்டர். இவளுக்கு வலிப்பு இருக்கு. மதியம் மாத்திர குடுக்கணும். நீங்கதேன் பாத்துக்கிரணும்."

எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னாள். சிஸ்டர் முகம் வெளுத்துப்போய் அட்டையை வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் முட்டி தேயக் காப்பாற்றியதை ஒரு நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டாளே! கையை உதறிப் பார்த்தேன். அவள் விடவில்லை. அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. என் மேலுள்ள கோபத்தில்தான் நடுங்குகிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.