மீசை மறைத்த உதடுகள்

அந்தக் கார்த்திகையில் முதல் முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்டேன். தாடியும் மீசையும் வளர வளர, நான் சொல்வதை என் மனைவி கவனிப்பது குறைந்துகொண்டே வந்தது. ஒன்று கேட்டால் வேறொன்றுக்குப் பதில் சொன்னாள்; இல்லையென்றால் "என்னங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். விரதத்தில் கோபம் கூடாது. ஆனாலும் ஒரு காலை, "சுவத்துகிட்ட பேசினாகூடப் பதில் வரும்" என்று கத்திவிட்டேன். அதன்பின் அவள் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மார்கழியில் அவளே, பல்லாவரத்தில் காது பரிசோதனை செய்யும் இடத்துக்குப் போகலாம் என்றாள். அங்கிருந்த பெண் ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு "பா", "தா", "கா" என்று மாற்றி மாற்றிச் சொன்னாள். மனைவி திருப்பிச் சொன்னவற்றில் "ஆ" தவறவே இல்லை. தொடக்கம்தான் மாறிப்போனது; "பா" "கா"வாக வந்தது. அட்டையை இறக்கியதும் பெரும்பாலும் சரியாகச் சொன்னாள்.

"மேடத்துக்குச் சத்தம் கேக்குது சார்" என்றாள் அந்தப் பெண். "'ஆ' நீளமா நிக்குது, அது சிக்கிடுது. அதுக்கு முன்னாடி சட்டுனு மாறி ஓடுற ஒரு துளி இருக்கே, அதை வெச்சுத்தான் 'பா'வா 'கா'வான்னு காது பிரிக்கும். இவங்களுக்கு அது எட்டலை. உதட்டைப் பாத்தே ரொம்ப நாளா சமாளிச்சிருக்காங்க." சொல்லிக்கொண்டே என் மீசையைப் பார்த்தாள். காதில் வைக்கும் கருவி வரத் தை பிறந்துவிடும் என்றார்கள்.

தாம்பரம் திரும்பும் ரயிலில், அவள் பக்கம் நன்றாகத் திரும்பி, "அன்னிக்கு நான் கத்தினது..." என்று ஆரம்பித்தேன்.

"அது நல்லாவே புரிஞ்சுது. கோவம் வந்தா வாயைப் பெருசா திறக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இறங்கியதும் நேராக முடிதிருத்தும் கடைக்குப் போனேன். மலைக்குப் போய் வரும்வரை கத்திரி படக்கூடாது என்பது தெரியும். தெரிந்தும் நாற்காலியில் உட்கார்ந்து, மீசையை எடுக்கச் சொன்னேன்.

"இன்னா சாமி, மாலையோட வந்துகினு மீசைய எடுன்றியே? பாவம் உனக்கா, என் கத்திரிக்கா?" என்றார் கடைக்காரர்.

அவள் வாசலில் நின்றிருந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

எழுந்து அவளிடம் போனேன். இரண்டு விரலால் மீசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதை மெதுவாகச் சொன்னேன். அவள் கண் என் உதட்டைவிட்டு அசையவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் பேசும்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பாள். அதை என்மேல் உள்ள ஆசை என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

"அவரு சொல்றது சரிதான், வாங்க" என்றாள். அதுவரை சிரிக்காதவள் சிரித்தாள். எனக்கு மீசையிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.