பிளேடு பட்ட வரி

என் மேசை டிராயரில் ஒரு போட்டோ இருக்கிறது. அதில் மனிதர்கள் யாருமில்லை. ஆங்கிலத்தில் கூட்டெழுத்தாக எழுதிய ஒரு கடிதத்தின் பக்கம்தான். நடுவில் ஒரு வரி கோடிழுத்து அடிக்கப்பட்டிருக்கிறது. அந்த வரியின் முடிவில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. கே.கே. நகர் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டால், யார் எழுதியது என்று கேட்பார்கள். எழுதியவரைப் பற்றிச் சொல்வது சுலபம். ஓட்டை போட்டவரைப் பற்றிச் சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் ஆராய்ச்சி மாணவி. சோழவந்தானிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓர் அமெரிக்க எழுத்தாளரை. வீட்டுக் குறிப்புகளும் குழந்தைக் கதைகளும் எழுதி நல்ல பேர் வாங்கியிருந்த அந்தம்மா, ஒருநாள் அடிமைமுறை கூடாது என்று புத்தகம் போட்டார். அதோடு வாசகர்கள் கைவிட்டார்கள், தெரிந்தவர்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவரைப் பற்றி நான் படித்தவர்களெல்லாம் அச்சமே அறியாதவர் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. மேலே படிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஊரையே எதிர்த்தவருக்குக் கைகால் உதறவே இல்லையா? அதை வைத்து ஓர் அத்தியாயமே எழுதினேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் படித்துவிட்டு, சான்றில்லாவிட்டால் அத்தியாயத்தை எடுத்துவிடும்படி சொன்னார். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம்தான் இருந்தது.

சான்று இருந்தால் அவருடைய கடித வரைவுகளில்தான் இருக்க வேண்டும். சென்னையில் ஒரு நூலகத்திலிருந்து, அவற்றைப் பக்கம் பக்கமாகப் பொடிப் படங்களாக எடுத்த மைக்ரோஃபிலிம் சுருள் பதினைந்து நாள் தவணையில் வந்தது. வந்த பிறகுதான், அதைப் படிக்கும் கருவி எங்களிடம் இல்லை என்பது உறைத்தது. சுருளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மேலமாசி வீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குள் நுழைந்தேன். போட்டோக்கார அண்ணன் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் மாட்டினால் சுவரிலேயே படிக்கலாம் என்றார்.

மறுநாளிலிருந்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் வராத மத்தியான வேளைகளில், பிரிண்ட் கழுவும் ஹைப்போ நெடி அடிக்கும் அந்த இருட்டறையில் நின்று படித்தேன். அண்ணனுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் கதை கேட்பதில் என்னை மிஞ்சிவிட்டார். அந்தம்மா முகம் எப்படியிருக்கும், வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார், புத்தகம் வாங்காமல் போனவர்கள் பின்னால் திருந்தினார்களா என்று தினமும் ஒரு கேள்வி வைத்திருப்பார். நாள்கள் பறந்தன; பாதிகூடப் படித்து முடியவில்லை. மீதியை மொத்தமாகப் பிரிண்ட் போட்டு, பிலிமைத் தபாலில் அனுப்பிவிடுவதாக அவரே சொன்னார். அந்தம்மா என்ன எழுதினார் என்பதைவிட, எதை எழுதிவிட்டு அடித்தார் என்பதுதான் எனக்கு வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

சனிக்கிழமை போனேன். நாற்பது பிரிண்ட்டுகள், பளிச்சென்று இருந்தன. ஒரு பக்கத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. அடித்த வரிகளை ஒவ்வொன்றாக பிளேடு முனையால் சுரண்டி, வெள்ளையும் பூசியிருந்தார். மூன்று நாள் வேலை.

"டச்சிங் பண்ணாமக் குடுக்க முடியுமா? கல்யாணப் பொண்ணு மூஞ்சில பரு இருந்தா அப்படியேவா விடுவேன்?" என்றார் பெருமையாக.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிலிம் சென்னைக்குப் போய்விட்டது. மறுபடி கேட்டு வரவழைப்பதற்குள் கெடு முடிந்துவிடும். அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் எழுந்து உள்ளே போனார். கழிவுப் பெட்டியைத் தரையில் கொட்டித் துழாவி, ஒரு பிரிண்ட்டை எடுத்து வந்தார். பிளேடை வைத்ததுமே கிழிந்துபோனதால் ஒதுக்கிவிட்டு, அதே பக்கத்தை மறுபடி பிரிண்ட் போட்டிருக்கிறார்.

"மத்த எடத்துல ஒரு கோடுதாம்மா. இங்க ரெண்டு தடவ, அழுத்தி அடிச்சிருக்காங்க. அம்புட்டு கறுப்பு."

டச்சிங் லென்ஸை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு சொல், அங்கேதான் ஓட்டை. அடித்த வரிக்கு மேலே சின்ன எழுத்தில், நலமாக இருக்கிறேன் என்று மாற்றியிருந்தார். அர்த்தம் சொன்னேன். அண்ணன் லென்ஸை வாங்கி அந்த வரியின் மேல் வைத்துப் பார்த்தார்.

"இதையா சுரண்டுனேன்?" என்றார்.

அத்தியாயம் தப்பியது. அடுத்த வருஷம் வேலைக்கு விண்ணப்பிக்கப் போட்டோ எடுக்கப் போனபோது, டச்சிங் வேண்டுமா வேண்டாமா என்று அண்ணன் என்னைக் கேட்டார். அதற்கு முன் அவர் யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, பயந்த முகத்தோடு, நான் அப்படியே விழுந்திருக்கும் போட்டோ அது. வேலை கிடைத்தது. கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனதில் அந்த ஓட்டையில் என்ன சொல் இருந்தது என்பதைத் தேடிப் போகவேயில்லை.

போன மாதம் என் மகள் கம்ப்யூட்டரில் அந்தக் கடிதத்தைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கிக் காட்டினாள். டிராயரிலிருந்து போட்டோவை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அண்ணன் காலமாகிப் பல வருஷமாகிறது. இருந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அவரிடம் சொல்லியிருப்பேன்.

நீங்க ஓட்டை போட்ட எடத்துல 'இன்னைக்கு'ன்னு இருக்குண்ணே. எனக்கு இன்னைக்குப் பயமா இருக்குன்னுதான் எழுதியிருக்காங்க.