என் கையும் அந்தக் கண்ணாடிக் குழாயும்

சும்மா இருக்கத் தெரியாத கை எனக்கு. ஆய்வுகூட வேலை அதை இன்னும் கெடுத்துவிட்டது. கண்ணாடி விரியனின் விஷத்தில் இரத்தத்தை உறைய வைக்கும் நொதியம் ஒன்று உண்டு. அதைப் பிரித்தெடுத்து, இரத்தத்தின் மஞ்சள் நீரில் ஒரு துளி விட்டு, குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. சில விநாடிகளில் கட்டிப்பட்டுவிடும். கொஞ்சம் சுணங்கினாலும் எனக்குக் கோபம் வரும்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, பாலையூற்று வீட்டில் வேலியோரப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்த என் கணவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"புடையன் போலக் கிடந்தது. கடிச்சிட்டு ஓடிட்டுது" என்றார்.

ஊரில் புடையன் என்பது என் கண்ணாடி விரியனைத்தான். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

தாதி மிஸி அவருடைய இரத்தத்தை ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசையில் நிறுத்தினார். இருபது நிமிடம் யாரும் அசைக்கக் கூடாது. பிறகு ஒரே ஒரு தரம் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்தும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், தெரியாமல் ஏற்ற மாட்டார்கள். குழாயில் இரத்தத்தை உறைய வைக்கும் அதே நொதியம், உடம்புக்குள் போனால் உறைவதற்கு வேண்டியதையெல்லாம் தின்று தீர்த்துவிடும். இதை மாணவர்களுக்குச் சிரித்துக்கொண்டே விளக்கியவள் நான்.

என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கட்டிலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். எப்போது எடுத்தேனோ, குழாய் என் கையில் இருந்தது. சாய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயோ அக்கா, என்ன செய்யிறீங்கள்? ஆட்டினால் பார்க்க ஏலாது. திரும்ப எடுக்க வேணும்!"

திரும்ப ஊசி. திரும்பக் காத்திருப்பு. எனக்கு என் மீதே பற்றிக்கொண்டு வந்தது. கட்டிலில் கிடந்த அவர் சிரித்தார்.

"என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிரும். அப்பதான் உம்மட கை சும்மா இருக்கும்."

இரண்டாவது குழாயை மிஸி சாய்த்தார். இரத்தம் தண்ணீர் மாதிரி விளிம்புவரை ஓடி வந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள். அவருக்கு உடம்பெல்லாம் தடித்து நடுங்கியது. அதற்கும் ஊசி போட்டார்கள். எனக்குத் தெரிந்த செபமெல்லாம் பாதியில் அறுந்துகொண்டிருந்தது.

மருந்து கேட்டதா என்று பார்க்க, பின்னேரம் மூன்றாவது குழாய். நேரம் முடிந்ததும் மிஸி அதைக் கட்டிலருகே கொண்டுவந்தார்.

"இப்ப நீங்களே சாய்ச்சுப் பாருங்கோ, அக்கா."

கையை நீட்டினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. அன்று முழுக்க அடங்காத கை, அதற்கு மேல் போக மறுத்தது. எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"இங்க தாங்கோ, மிஸி" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது.

"கண்ணைத் திறவும்."

மருந்து ஏறாத கையால் குழாயைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. வார்டே திரும்பிப் பார்க்க ஓவென்று அழுதேன்.