ஹேண்ட் பிரேக் பிடிக்காத கார்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மாத அடைமழையில் நடந்தது இது. அப்போது நாங்கள் காரைக்கால் கோவில்பத்தில் குடியிருந்தோம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. அம்மா முன்பே காலமாகிவிட்டார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் செயலிழந்து, பேச்சும் போய்விட்டது. அவரைப் பார்த்துக்கொள்ள நானும் அண்ணனும்தான்.

அண்ணனிடம் ஒரு பழைய கார் இருந்தது. பிரான்சுக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கியது. அண்ணனைவிட அதற்கு வயது அதிகம். நன்றாகவே ஓடும், ஆனால் ஹேண்ட் பிரேக் மட்டும் பிடிக்காது. எங்கள் ஊர் மேடு பள்ளமே இல்லாத ஊர். எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு நாங்கள் பாட்டுக்குப் போய்விடுவோம்.

அப்பாவுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட மண்டபத்தூர் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். வாராவாரம் அங்கே போகவேண்டி வந்தது. அந்த வழியில் ஒரு வாய்க்காலை ஒட்டியே போய், அதன் கரை மீது ஏறி இறங்க வேண்டும். அதனால் அண்ணன் ஹேண்ட் பிரேக்கைச் சரி செய்ய உட்கார்ந்தார். காருக்கு அடியில் படுத்து கேபிளை முறுக்கினார். லிவர் கல் மாதிரி இறுகியது, ஆனால் தள்ளினால் வண்டி நகர்ந்தது. இன்னும் முறுக்கினார். அப்போதும் நகர்ந்தது. கேபிள் நைந்துபோயிருக்கும் என்று மெக்கானிக்கை வரவழைத்து அதையும் மாற்றினார்.

"பின்சக்கரத்து டிரம்மத் தொறந்து பாத்தாத்தாங்க தெரியும். இந்த வண்டி டிரம்ம இழுக்கிற புல்லர் எங்கிட்ட இல்ல. இப்போதைக்கு நிக்குது, ஓட்டுங்க" என்றார் மெக்கானிக்.

உண்மையில் நின்றது. வீட்டுக் கொட்டகையில் அண்ணன் லிவரை இழுத்துவிட்டு இறங்கி, நானும் அவரும் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. மாதக் கணக்கில் மல்லாடியது தீர்ந்தது என்று அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் செங்கல் இல்லாமல் கிளம்பினோம்.

பகல் பொழுதுதான், ஆனால் வானம் மூடிக்கொண்டு தூறிக்கொண்டே இருந்தது. வாய்க்கால் கரையில் கார் ஏறிக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு சாவு ஊர்வலம் வந்தது. மீனவக் குடியிருப்பின் தெருமுனை அது. அண்ணன் ஏற்றத்திலேயே ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தார். சாவுக்கு மரியாதையாக இருவரும் இறங்கி நின்றோம். அப்பா பின்சீட்டில் இருந்தார்.

முதலில் சரளைக்கல் நெரிபடும் சத்தம்தான் கேட்டது. திரும்பினால் கார் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார். ஏற முடியவில்லை, கார் அவரை இழுத்துக்கொண்டு போனது. கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் முகம் தெரிந்தது. என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கத்த அவருக்குக் குரல் இல்லை, இடது கையை மட்டும் தூக்கினார். நான் கத்தினேனா என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

மழையில் வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. கார் பாதையை விட்டு வாய்க்கால் பக்கம் சாய்ந்து, பின்சக்கரங்கள் தண்ணீருக்குள் இறங்கின.

"டேய், உள்ள ஆளு இருக்குடா. ஓடியாங்கடா."

பாடையைத் தூக்கி வந்தவர்கள் அதை அங்கேயே, சேற்றுச் சாலையில் இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். மேளம் நின்றுபோனது. முதலில் தண்ணீரில் குதித்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். மார்பளவுத் தண்ணீரில் நின்று காரின் பின்பக்கத்துக்குத் தோளைக் கொடுத்தார். மற்றவர்கள் அவர் பக்கத்தில் வரிசையாகச் சேர்ந்து தாங்கிப் பிடிக்க, இரண்டு பேர் கதவைத் திறந்து அப்பாவைக் குழந்தை மாதிரி தூக்கி வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பிறகு காரையும் கரையேற்றினார்கள்.

அண்ணன் கைகூப்பி ஏதோ சொல்ல வந்தார். முதலில் குதித்தவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே, "அழுவாதீங்க தம்பி. இன்னிக்கு எங்க ஊருக்கு ஒண்ணு போதும்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பாடையை மறுபடி தூக்கினார்கள்.

கூட்டத்தின் கடைசியில் போன ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "எறந்தது அவரு மவன்தாங்க. நேத்து முகத்துவாரத்துல படகு கவுந்துடுச்சு."

அண்ணன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் சில வாரம் அண்ணன் காரைத் தொடவே இல்லை. பிறகு ஒரு லேத் பட்டறையில் சொல்லிப் புல்லர் செய்து வந்து டிரம்மைக் கழற்றினார். நான்தான் பக்கத்தில் நின்றேன். ஒரு பக்கம் அச்சிலிருந்து கசிந்த எண்ணெய் பிரேக் கட்டையில் ஊறி, கறுப்பாக வழவழவென்று இருந்தது. அந்தக் கட்டை எப்படிப் பிடிக்கும்? மறுபக்கம், கட்டையை விரிக்கும் சின்ன லிவர் உப்புக்காற்றில் துருவேறி அசையவே இல்லை. கேபிளை எவ்வளவு முறுக்கினாலும் கையில் இறுக்கம் தெரியும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. சமதரையில் ஏதோ கொஞ்சம் பிடித்திருக்கிறது, ஏற்றத்தில் வண்டியின் கனத்தைத் தாங்கவில்லை. கசிவை அடைத்து, கட்டைகளை மாற்றி, துருவைச் சுரண்டினார்.

அந்த வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறி, முதலில் தண்ணீரில் குதித்தவரின் வீட்டைத் தேடிப் போனோம். அவர் வாசலில்தான் இருந்தார்.

"வாங்க, உக்காருங்க. ஐயா எப்படி இருக்காங்க?"

நன்றாக இருக்கிறார் என்று சொன்னோம். எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் அண்ணன் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி வெளியே வந்து கதவோரம் நின்றார்.

"அவங்க நல்லா இருக்கட்டும்" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஆனா எம்புள்ளய நடுரோட்டுச் சேத்துல போட்டுட்டு எல்லாரும் ஓடுனாங்களே. அவன் மூஞ்சியில மழ அடிச்சுச்சு. நாந்தான் முந்தானயப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அந்த முக்குக்கு மேல பொம்பளைங்க போவக் கூடாது. அவனோட நான் இருந்த கடைசி நேரம் அது. எல்லாம் உங்க காரத்தான் பாத்தாங்க."

"விடு" என்றார் கணவர். அவர் எங்களையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை.

நான் எழுந்து போய் அந்த அம்மாவின் கையைத் தொட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, என் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. பிறகு உள்ளே போய்விட்டார். அன்றைக்குப் பாடைக்குப் பக்கத்தில் அவர் நின்றதை நினைவுக்குக் கொண்டுவரப் பஸ்ஸில் வரும்போது முயன்று பார்த்தேன். முடியவில்லை. நானும் காரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். பேச்சு திரும்பவில்லை. வீட்டில், தம் கட்டிலில், நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்கும்போதுதான் போனார். அண்ணனும் இப்போது இல்லை.

தண்ணீரில் குதித்த அந்த மனிதர்களுக்கு மனசுக்குள் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்பாவோடு எங்களுக்குக் கிடைத்த அந்தக் காலத்துக்காக, யாரும் சம்மதம் கேட்காமலே தன் மகனோடு இருந்த கடைசி நிமிடங்களைக் கொடுக்க நேர்ந்த அந்தத் தாயிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.