கமலவேணி வீட்டு வாசல் விளக்கு

சௌந்திரத்துக்கு வாய் நீளம். பரமத்தி வேலூர் டவுன் பஸ்ஸில் அவள் முன்படியில் ஏறினால் கண்டக்டர் பின்படிக்குப் போய்விடுவார். அவளுடைய கொடிக்காலில் வெற்றிலை கிள்ள வரும் பெண்கள் அவள் வந்து சேரும்வரைதான் பேசிக்கொண்டிருப்பார்கள். வந்த பிறகு அவள் மட்டும்தான் பேசுவாள். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அவளுடைய அப்பா சொல்லுவாராம். பிழைத்துத்தான் கொண்டாள். புருஷன் போய், மகளையும் ஈரோட்டுக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, ஒரு கறவை மாட்டையும் துண்டுக் கொடிக்காலையும் வைத்துக்கொண்டு யார் வாசலிலும் போய் நிற்காமல் இருந்தாள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஐந்து மாதம் வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தாள்.

அவளுடைய தோட்டத்து வீட்டுக்கும் கமலவேணியின் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்காலும் ஒரு வாழைத் தோட்டமும் கிடந்தன. கூப்பிட்டால் கேட்காது, விளக்குப் போட்டால் தெரியும். கமலவேணி அவளுக்கு ஓரகத்தி முறை, வயதில் மூத்தவள், அவளும் புருஷனை இழந்தவள்தான். ஒரே மகன் மதன் ஜெர்மனியில் இருந்தான். தோட்டத்தில் தனியாக இருந்த ஒரு கிழவரை யாரோ அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒரு வருஷம் சேதி அடிபட்டபோது, இரண்டு பெண்களும் தங்களுக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொண்டார்கள். கருக்கலில் எழுந்ததும் வாசல் விளக்கைப் போட வேண்டும். ஒருத்தி வீட்டில் எரியாவிட்டால் மற்றவள் உடனே ஓட வேண்டும். போன் இருக்கிறதே என்றால், போன் பண்ணினால் பேச்சு வளரும், மாடு கறக்காமல் கத்தும் என்பாள் சௌந்திரம். அது அவளுக்கே தெரிந்த குறை.

ஒரு முறை எரியவில்லை. சௌந்திரம் அரிவாளை எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், வாழைக்குள் விழுந்தடித்து ஓடினாள். கதவைத் தட்டு தட்டென்று தட்டினால், கமலவேணி கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து திறந்தாள். மாத்திரை போட்டதில் தூங்கிவிட்டாளாம். அன்றைக்கு சௌந்திரம் திட்டிய திட்டை வேறு யாராவது கேட்டிருந்தால் உறவே முறிந்திருக்கும். கமலவேணி சிரித்துக்கொண்டே காப்பி போட்டுக் கொடுத்தாள்.

பிறகுதான் மதன் லீவில் வந்து, வீட்டு விளக்கு, ஃபேனையெல்லாம் தானே இயக்கும் ஒரு டப்பாவை மாட்டிவிட்டுப் போனான். பெற்ற தாயைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள் இப்படி எதையாவது வாங்கி மாட்டத்தான் செய்வார்கள். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆள் இல்லாத அறையில் ஃபேன் தானாக நிற்கும், டிவி அணையும். வீட்டில் இருப்பவர் எந்த நேரத்தில் எதை விரும்புவார் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கொஞ்ச நாளில் கேட்பதற்கு முன்னாலேயே செய்துவிடும். கரண்டும் வீணாகாது, அம்மாவுக்கும் அலைச்சல் இல்லை என்றான். சுவரில் அங்கங்கே ஆள் நடமாட்டம் பார்க்கும் சின்னக் கண்கள் வைத்தான். குளியலறையில் மட்டும் கமலவேணி வைக்க விடவில்லை. குளிக்கிற இடத்தில் கண் எதற்கு என்று சண்டை பிடித்தாள்.

கமலவேணி கருக்கலில் வாசல் விளக்கைப் போடுவாளே தவிர, அணைக்க மறந்துவிடுவாள். அது உச்சிவெயில்வரை எரியும். டப்பா முதலில் விடிந்ததும் அணைக்கக் கற்றுக்கொண்டது. பிறகு போடவும் கற்றுக்கொண்டது.

“நான் எந்திரிக்கறதுக்கு முந்தியே அதுவே போட்டுருது புள்ள,” என்று கமலவேணி பெருமையாகச் சொன்னாள்.

“உனக்கு இனி மூச்சு உடறது மட்டுந்தான் வேலைக்கா,” என்றாள் சௌந்திரம். இருவரும் சிரித்தார்கள்.

டப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த அம்மாளுக்குக் கருக்கலில் வாசலில் வெளிச்சம் வேண்டும் என்பதுதான். நான் எழுந்துவிட்டேன் என்று வாழைக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குச் சொல்லத்தான் அந்த வெளிச்சம் என்று அதனிடம் யார் சொல்வது? டப்பாவை விடுங்கள். விளக்குத் தானாக எரிகிறது என்று இரண்டு பெண்களுக்கும் தெரியும். அப்படியானால் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பது இருவருக்குமே தோன்றவில்லை. பழக்கம் கண்ணைக் கட்டிவிட்டது.

ஆடி மாதத்தில் ஒரு நாள், இருட்டுகிற நேரத்தில், கமலவேணி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு போய்விட்டது, எழ முடியவில்லை, போன் கூடத்தில் கிடந்தது. வீட்டில் நடமாட்டம் இல்லை என்று கண்டுகொண்ட டப்பா, ஃபேனை நிறுத்தியது, டிவியை அணைத்தது, கரண்டை மிச்சம் பிடித்தது. கருக்கலில் வாசல் விளக்கை மட்டும் தவறாமல் போட்டது. சௌந்திரம் பார்த்தாள், தன் விளக்கையும் போட்டாள், மாட்டைக் கறந்தாள், மோகனூரில் ஒரு அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய் வாய் ஓயாமல் பேசிவிட்டு வந்தாள். மறுநாள் கருக்கலிலும் விளக்கு எரிந்தது. அன்று மத்தியானம், முருங்கைக்கீரை கொடுக்கலாம் என்று போனவள்தான் முனகல் கேட்டு, ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொன்னாள்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் கமலவேணி அன்று ராத்திரிவரை இருந்தாள். முந்தின நாள் காலையிலேயே கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சௌந்திரத்திடம் சொன்னார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. மதன் அப்போது விமானத்தில் வந்துகொண்டிருந்தான்.

காரியமெல்லாம் முடிந்து அவன் கிளம்புகிற அன்று சாவியை அவளிடம் கொடுத்தான். டப்பாவை நிறுத்திவிட்டுப் போகச் சொன்னாள் சௌந்திரம். திருட்டுப் பயத்துக்கு நல்லதுதானே, இருக்கட்டும் என்றான். அப்புறம் குரல் இறங்கியது.

“வாசல் லைட் எரியறப்ப போன்ல காட்டும் சின்னம்மா. அம்மா எந்திரிச்சுட்டாங்கன்னு நெனச்சுக்குவேன்.”

அந்தப் பிள்ளையிடம் என்னவென்று சொல்வது? நீ மாட்டிய விளக்குதான் உன் அம்மாவைக் கொன்றது என்றா? அது எரிந்ததை நம்பி நான் திருவிழாவுக்குப் போனேன் என்றா? சௌந்திரத்தின் வாய் அன்றைக்கு அடைத்ததுதான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்த விளக்கின் புளுகு ஐந்து மாதம் ஓடியது. பூட்டிய வீட்டில் கருக்கலானால் விளக்கு எரிகிறது என்று வாழைத்தார் வெட்ட வந்தவர்கள் பயந்தார்கள். யாரோ கேட்டில் எலுமிச்சம்பழம்கூடக் கட்டிவிட்டுப் போனார்கள். செத்தவளுக்குக் கரண்டு எதற்கு என்று அவர்களை விரட்டினாளே தவிர, சௌந்திரம்தான் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தாள். பேய் வந்தால்கூட இரண்டு வார்த்தை பேசி வழியனுப்பியிருப்பாள். இந்த வெளிச்சத்தோடு என்ன பேசுவது? ஈரத்தரையில் கிடந்து அக்கா தன் பெயரைச் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டாளோ, அத்தனை முறையும் இது வாசலில் நின்றுகொண்டு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறது. கட்டிலைத் திருப்பிப் போட்டாள். ஜன்னலில் பழைய சேலையைத் தொங்கவிட்டாள். அப்படியும் கருக்கலில் விழிப்பு வந்துவிடும், கை தானாகச் சேலையை விலக்கிப் பார்க்கும். தன் விளக்கை இனிப் போடுவதில்லை என்று ஒரு நாள் வீம்பாக இருந்தாள். வாழைக்கு அந்தப் பக்கம் யாரோ தனக்காகக் கவலைப்படுவதுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்து போய்ப் போட்டாள்.

மார்கழியில் ஒரு நாள் அவள் சேலையை விலக்கினாள். வாழைக்கு அந்தப் பக்கம் இருட்டாக இருந்தது.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பாள். தன் விளக்கைப் போட்டாள், ஆணியில் தொங்கிய சாவியைப் பிடுங்கிக்கொண்டு பனியில் ஓடினாள். வாய்க்காலில் கால் வழுக்கி முழங்கால் சிராய்த்தது. பூட்டைத் திறந்து, “அக்கா, வந்துட்டேன்க்கா, பயப்படாத,” என்று சொல்லிக்கொண்டே நேரே குளியலறைக்குப் போனாள்.

தரை காய்ந்து கிடந்தது. மூலையில் வாளி கவிழ்த்து வைத்திருந்தது. அவளே கழுவிக் கவிழ்த்து வைத்த வாளி அது. சௌந்திரம் குளியலறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அங்கே நடுச்சாமமாக இருக்கும். மதனுக்கும் தூக்கம் கிடையாது போல.

“சின்னம்மா, வாசக்கதவு தொறந்திருக்குன்னு காட்டுது. நீங்கதானுங்களா?”

“நாந்தான் சாமி.”

அவன் நிம்மதியாக மூச்சுவிட்டான். இத்தனை மாதமாக ஆள் நடமாட்டம் இல்லாததால் வீட்டில் யாரும் இல்லை என்று அதுவே இப்போதுதான் புரிந்துகொண்டு, கரண்டு வீணாகாமல் இருக்க விளக்கை நிறுத்திவிட்டது என்று விளக்கினான். வேண்டுமானால் மறுபடி எரிய வைக்கலாம் என்றான். அப்புறம்தான், இந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று கேட்டான்.

திருடன், பூனை, தண்ணீர்க் குழாய் என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். பொய்க்குப் பஞ்சமான வாய் இல்லை அது. ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு அவளுக்குப் பொய் வரவில்லை.

“வெளக்கு எரியலீன்னு ஓடியாந்தேன் சாமி. உங்கம்மாளுக்கும் எனக்கும் அதுதான் பேச்சு. எரியலீன்னா ஓடியாரோணும்.”

அவன் மெல்லக் கேட்டான்.

“அன்னிக்கு?”

“அன்னிக்கு எரிஞ்சுது சாமி. ரெண்டு நாளும் எரிஞ்சுது.”

மதன் அழுவது கேட்டது. சௌந்திரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வாழைக்கு அந்தப் பக்கம் அவள் போட்டுவிட்டு வந்த விளக்கு, நன்றாக விடிந்த பிறகும் அணைக்க ஆளில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.