இதை மட்டும் விடு

கொடியில் ஆரஞ்சுத் துண்டுக்குப் பக்கத்தில் நீலச் சட்டையைப் போட வந்த கணவரின் கையைத் தட்டிவிட்டு, பச்சைக் கோடு போட்ட வெள்ளைத் தலையணை உறை ஒன்றை நடுவில் மாட்டுகிறாள். நெட்வொர்க் கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளின் நிற வரிசை அது. மனப்பாடம் ஆகும்வரை இந்த வீட்டில் துணி அப்படித்தான் காயும்.

“மாத்திப் போட்டா லைன் வேலை செய்யாதுங்க.”

“துணி என்ன வேலை செய்யணும்? காயணும், அவ்வளவுதானே?”

கணவர் பஸ் ஓட்டுகிறார். அவருடைய வருத்தம் வேறு. கேபிளில் பழுப்புக்குக் கடைசி இடம். அவருடைய சீருடை பழுப்பு. கொடியின் கடைசியில் வெயிலே படாது.

பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜை அவளுடையது. அங்கே எல்லாரும் அவளை ‘பாக்கெட் அக்கா’ என்கிறார்கள். தகவல் எல்லாம் சின்னச் சின்னப் பாக்கெட்டாகத்தான் பயணம் போகிறது என்று, ஊசி போட்டு வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஆட்களிடம் விளக்கி வாங்கிய பெயர். மரத்த வாயால் குறுக்கே பேச முடியாது. அதனால் அவர்களைவிட நல்ல மாணவர்கள் அவளுக்குக் கிடைப்பதில்லை.

தொலைபேசி அடித்தால் உடனே விஷயத்துக்கு வர மாட்டாள். “கேக்குதுங்களா?” என்பாள். “கேக்குது” என்று பதில் வந்தால், “நீங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சு. இப்பப் பேசலாம்” என்பாள். இரண்டு கணினிகள் பேசத் தொடங்குமுன் இப்படித்தான் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளுமாம். பல்வலிக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை. “அம்மா, எனக்குக் காதுல ஒண்ணுமில்ல, பல்லுலதான்” என்று ஒருவர் கத்தியதை டாக்டர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்த டாக்டரின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டும் பொறுப்பு அவளிடம் வந்தது. பாதியாக வெட்டினாள், பாதியைப் பாதியாக வெட்டினாள், மறுபடியும் பாதி. “மூணா வெட்டு, அஞ்சா வெட்டுன்னு யாரும் கேக்கப்படாது. நெட்வொர்க்ல ரெண்டு ரெண்டாத்தான் பிரியும்” என்று அறிவித்தாள். பிறகு, முதல் துண்டும் கடைசித் துண்டும் யாருக்கும் கிடையாது என்றாள். கணினிக் கூட்டத்துக்கு எண் பங்கிடும்போது முதல் எண் அந்தக் கூட்டத்தின் பெயருக்கு, கடைசி எண் எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிடுவதற்கு, அதுதான் விதி. எல்லாரும் விதிக்குத் தலையாட்டினார்கள். அந்த இரண்டு துண்டுகளையும் அவளே தின்றாள்.

இந்த வயதில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். “காலைலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் வாயைத் திறந்துகிட்டு வர்றவங்களையே பாக்குறேன். எனக்கு யாரும் வாயைத் திறக்காத ஒரு ரூம் வேணும்.” அப்படி ஓர் அறை மருத்துவமனையின் பின்பக்கம் இருக்கிறது. குளிர்ச்சியாக, மினுக்கு விளக்குகளோடு, பெட்டிகள் மட்டும் ரீங்காரம் செய்யும் அறை. அங்கே ஓர் இடம் காலி. நெட்வொர்க் தேர்வின் முதல் படியைத் தேறிவிட்டால் அது அவளுக்கு. இந்தத் தடவை கோட்டை விட்டால் வெளியாள் வந்துவிடுவார். நிர்வாகம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது.

சொல்லித்தர ஆள் கிடையாது. நூலகத்துப் புத்தகம், இலவசக் காணொளி, அப்புறம் வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கும் வைஃபை பெட்டி. அந்தப் பெட்டிதான் அவளுடைய பரிசோதனைக்கூடம். எலி, நாத்தனார்.

கணவரின் அக்காவான அவர் இவர்களோடுதான் இருக்கிறார். அந்த வைஃபையில் டிவித் தொடர் ஓடும் நேரத்தில் சோபாவும் ரிமோட்டும் அவருடைய ஆட்சி. கதையில் யாராவது யாரையாவது அறையக் கை ஓங்கும் கணத்தில் படம் உறைந்துபோகும்.

“ஏய், உன் வேலையா?”

“அண்ணி, அஞ்சு நிமிஷம். டிவியை மட்டும் தடுத்துப் பாக்குறேன். பாடத்துல இருக்கு.”

“உன் பாடத்துல என் டிவியோட பேரு போட்டிருக்கா?”

“பேரு இல்ல அண்ணி, நம்பர்.”

தடுப்பாள், விடுவாள், மறுபடி தடுப்பாள். நெட்வொர்க்கில் டிவியை அடையாளம் காட்டும் அந்த நம்பர் அவள் விரல்களுக்கே பழகிவிட்டது. அவ்வளவு தடவை தடுக்க வேண்டிய அவசியம் பாடத்துக்கு இல்லை என்பது அவளுக்கும் தெரியும், நாத்தனாருக்கும் தெரியும்.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். கேமரா வழியாக யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று காலை கணவர் வேலைக்குப் போனதும், லைன் தனக்கு மட்டுமே சுத்தமாக இருக்கட்டும் என்று பெட்டிக்கு ஒரு விதி எழுதினாள்: இந்த ஒரு நம்பரை மட்டும் விடு, மற்றதையெல்லாம் தடு. பதற்றத்தில் கை தானாக ஓடியது. பொத்தானை அழுத்தியபிறகுதான், எழுதியது தன் லேப்டாப்பின் நம்பர் இல்லை, டிவியின் நம்பர் என்று உறைத்தது.

லேப்டாப்பில் நெட் செத்துவிட்டது. விதியைத் திருத்தலாமென்றால் பெட்டி உள்ளேயே விடவில்லை. கேபிளைச் சொருகிப் பார்த்தாள், அதே கதை. போனில் இணைத்து எழுதலாமென்றால், தேர்வு அறையில் போனே இருக்கக் கூடாது. ஹாலிலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது.

“இன்னைக்குத்தாண்டி படம் கண்ணாடி மாதிரி வருது!”

குட்டி போட்ட பூனையாக வீட்டைச் சுற்றினாள். பெட்டியின் பின்னால் ஊசித் துளை ஒன்று உண்டு. அதற்குள் கூர்மையாக ஏதாவது விட்டு அழுத்திப் பிடித்தால் எல்லா விதியும் அழிந்து, பெட்டி புதிதாக வாங்கியபோது இருந்தபடி ஆகிவிடும். பல்குச்சி உள்ளே விட்டதும் ஒடிந்தது. பேனா முனை பருமன். மருத்துவமனையில் கூர்மையான சாமான் தட்டுத் தட்டாகக் கிடக்கும். வீட்டில் ஒன்று அகப்படவில்லை.

“என்னடி தேடுறே?”

“அண்ணி… நானே என்னைப் பூட்டிக்கிட்டேன்.”

“பூட்டிக்கிட்டியா? வெளியிலதானே நிக்கிறே?”

“வெளியில நிக்கிறேனே, அதான் பிரச்சனை.” வைஃபை பெட்டியைக் காட்டினாள். “இன்னும் கொஞ்ச நேரத்துல பரீட்சை. இதை அழிச்சா டிவியும் நின்னுடும்.”

டிவியில் ஒரு பெண் இத்தனை வருஷம் மறைத்த உண்மையைச் சொல்ல வாய் திறந்துகொண்டிருந்தாள். நாத்தனார் அவளைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். பிறகு கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, பல்லால் கடித்து நிமிர்த்தி, சோபாமேல் ஏறித் தானே துளைக்குள் விட்டு அழுத்தினார். உண்மை பாதியில் நின்றது.

“போ. போயி எழுது. பெயிலானே, அப்புறம் இருக்கு உனக்கு.”

பெட்டியின் விளக்குகள் மறுபடி எரிந்ததும் கேபிளைச் சொருகிக்கொண்டு, கடைசி நிமிடத்தில் கேமராவுக்கு முகம் காட்டினாள். தேர்வில் ஒரு கேள்வி, எல்லாரையும் தடுக்கப் போய் எழுதியவரையே வெளியே தள்ளும் விதியைப் பற்றியது. தெரிவுகளைப் படித்து முடிக்காமலே விடையைத் தட்டினாள். சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில், கேமராவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் “நேராக உட்காருங்கள்” என்று எழுதி அனுப்பினார்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது கன்னமெல்லாம் ஈரம்.

“பாஸா?”

“பாஸ் அண்ணி.”

“ம். நல்லது.” நாத்தனார் திரும்பவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது.

கணவருக்குச் சொல்லப் போனை எடுத்தாள். வைஃபை கடவுச்சொல் கேட்டது. எல்லாம் அழிந்தாயிற்றே, பழைய சொல் செல்லாது. புதுசு பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். எட்டிப் பெட்டியைக் கழற்றித் திருப்பினாள். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும் பிசுபிசுத்தது.

திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே ரவிக்கைக்குள் எதையோ இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிக்கொண்டார்.

பாக்கெட் அக்கா பெட்டியைப் பழையபடி மாட்டினாள். மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து வந்தாள். அதன்மேல் மெத்தையான தலையணை ஒன்றை வைத்துத் தட்டிச் சரிசெய்து, நாத்தனாரின் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, வலிக்காமல் அதன்மேல் வைத்தாள்.