பினாங்குக்குப் போன ஃபாதர்

எங்கள் தாமான் குடியிருப்பில் ஃபாதருடைய வெள்ளைக் கார் ஒரு வீட்டு வாசலில் நின்றால், எதிர்வீட்டுக்காரர் சாவு வீட்டுக்குக் கூடாரம் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கப் போய்விடுவார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் காரிலிருந்து அவர் அந்தச் சின்னக் கறுப்புப் பையோடு இறங்கினால், பையில் எண்ணெய்ச் சிமிழ் இருக்கிறது என்று அர்த்தம். நோயாளியின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் பூசி ஜெபிக்கிற எண்ணெய். அதைப் பூசினால் ஆள் தங்காது என்பது கிள்ளானில் எங்கள் கோயில் பங்கு முழுக்கத் தெரிந்த விஷயம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரசங்கத்தில் ஃபாதர் சொல்வார்: "இது சாகப் போறவங்களுக்கு இல்ல, சுகமில்லாதவங்களுக்கு. கடைசி நிமிஷம் வரைக்கும் காத்திருக்காதீங்க." எல்லோரும் தலையாட்டுவோம். வீட்டுக்குப் போய்க் கடைசி நிமிஷம் வரைக்கும் காத்திருப்போம்.

என்னைக் கேட்டால் எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நம்பிக்கை இல்லாத நான் மனசுக்குள் மூன்று பேரை எண்ணி வைத்திருந்தேன். முதலில் அப்பா. நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது அந்தக் காலத்து ஃபாதர் வந்து அப்பாவுக்கு எண்ணெய் பூசிவிட்டு ஹாலில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை அவர் குடித்து முடிப்பதற்குள் அப்பா போய்விட்டார். எனக்கு அப்போது பதினொரு வயது. பாதி தேத்தண்ணியோடு அந்தக் கப்பை வாங்கிக்கொண்டு போய் வைத்தவள் நான். அடுத்தது பெரியம்மா, எண்ணெய் பூசிய மறுநாள். அப்புறம் பக்கத்துத் தெரு ஆன்டி, அதே வாரம். அந்த ஆன்டியின் வீட்டுக்காரர் மூன்று தடவை எண்ணெய் பூசிக்கொண்டு, இன்றைக்கும் காலையில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் தெ தாரே டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் சேர்க்கவில்லை.

அக்காவுக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் இறந்து, மகனும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, நாங்கள் இருவர்தான் ஒரே வீட்டில். கோயிலில் பூசைப் பாத்திரம் துடைக்கிற துணிகளை வாரா வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைப்பது அவள் வேலை. அதற்கென்று தனி பேசின் வைத்திருந்தாள். முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடமாட்டாள், செம்பருத்திச் செடிக்கு ஊற்றுவாள், நற்கருணை அப்பத்தின் துகள் ஏதாவது அதில் இருக்கும் என்று. நான் ஒரு நாள் அந்த பேசினில் என் சட்டையை ஊறப்போட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் பயத்தைச் சொன்னால் மட்டும் சிரிப்பாள். "எண்ணெய்லயா இருக்கு உயிர்? நீ சமைக்கிற எண்ணெய்லதான் ஆள் போவும்," என்பாள்.

ஐந்து வருஷம் டயாலிசிஸ் செய்தாள். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, இனி டயாலிசிஸ் தாங்காது என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். மறுநாள் காலை கஞ்சி கொடுக்கும்போது அக்கா சாதாரணமாகக் கேட்டாள்.

"ஃபாதர கூப்பிடேன். எண்ணெய் பூசிக்கிறேன்."

கொஞ்சமும் யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஃபாதர் பினாங்குக்குப் போயிருக்காரு. தியானமாம். வர ஒரு வாரம் ஆவும்."

"அப்படியா? சரி, வந்தோன்ன சொல்லு," என்றாள். அன்று மத்தியானம் கடைக்குப் போகும்போது, "எலுமிச்சம்பழம் ஒண்ணு வாங்கிட்டு வா. நல்லா மஞ்சளா பாத்து," என்றாள். வாய்க் கசப்புக்கு ஜூஸ் கேட்கிறாள் என்று நினைத்து ஆறு வாங்கிவந்தேன். ஐந்தைப் பிழிந்தேன். ஒன்றை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஒரு வாரம் கூடக் கிடைக்கும் என்றுதான் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் வராத வரைக்கும் அக்கா இருப்பாள். இந்த வயதில் நான் இப்படி நினைத்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போனேன். முடிந்ததும் வாசலில் ஃபாதரே என்னிடம் வந்தார். "அக்கா எப்படி இருக்காங்க? நான் வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டார். "தேவலாம் ஃபாதர். எப்பவும் தூங்கிட்டே இருக்காங்க. நானே கூப்பிடுறேன்," என்றேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா யார் பூசை வைத்தது என்று கேட்டாள். "வேற ஃபாதர், ரவாங்லேருந்து வந்தாரு," என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய் வேண்டியிருக்கிறது.

கோவிட் காலத்திலிருந்து எங்கள் கோயிலின் ஞாயிறு பூசையை ஃபோனில் நேரலையாகக் காட்டுகிறார்கள். பொய் சொன்னபோது அது என் நினைவுக்கே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கஞ்சியோடு அறைக்குள் போனேன். தண்ணீர் போத்தலில் ஃபோனைச் சாய்த்து வைத்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பச்சை உடுப்பில் ஃபாதர் கைகளை விரித்து ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "பினாங்லேருந்து வந்துட்டாரு போல," என்றாள்.

"நேத்து ராத்திரி வந்திருப்பாரு."

"களைப்பா இருப்பாரு. ரெண்டு நாள் போவட்டும்லா."

அந்த இரண்டு நாளை நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அவளே சொல்லிவிட்டாள், அவசரம் இல்லை என்று. கஞ்சியை ஊட்டிவிட்டேன். அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு கரண்டி அதிகமாகச் சாப்பிட்டாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வேறு.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு எழுப்பப் போனேன். அக்கா எழவில்லை. தெருமுனையிலிருக்கும் கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் ஃபாதருக்கு ஃபோன் செய்தேன். கடிகாரம் எதிரிலேயே இருந்தது. ஏழு நிமிஷத்தில் வெள்ளைக் கார் வாசலில் நின்றது. ஒரு வாரமாக அவர் ஏழு நிமிஷ தூரத்தில்தான் இருந்திருக்கிறார். கையில் கறுப்புப் பையும் இருந்தது. அக்காவைப் பார்த்ததும் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, புத்தகத்தை மட்டும் எடுத்தார். "பூசுங்க ஃபாதர்," என்றேன். "உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான்மா," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இறந்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்லி முடித்தார். எண்ணெய் வராமலேயே அக்கா போய்விட்டாள். ஃபாதரைத் தடுத்து நான் எதைத் தடுத்தேன்?

அவளுக்குப் போர்த்த வெள்ளைத் துணி தேடி அலமாரியைத் திறந்தேன். பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. உள்ளே இஸ்திரி போட்ட சின்ன வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி, சுருட்டிய பஞ்சு, அந்த எலுமிச்சம்பழம். எண்ணெய் பூசிய பிறகு ஃபாதர் விரலைத் துடைக்க எலுமிச்சைத் துண்டும் பஞ்சும் மேசையில் வைப்பது பழைய வழக்கம். அப்பாவுக்கு அம்மா வைத்ததைப் பார்த்திருக்கிறேன். பழம் தோல் சுருங்கிக் கெட்டியாகியிருந்தது. டின்னை மூடி அங்கேயே வைத்தேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம், அக்கா துவைத்து வைத்திருந்த கோயில் துணிகளை வாங்கிக்கொள்ள ஃபாதர் வந்தார். பை இல்லாமல்தான் வந்தார். ஆனாலும் எதிர்வீட்டுக்காரர் கேட் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தார். தேத்தண்ணி கொடுத்தேன். அவர் குடிக்காமல் கப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அந்த ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சோன்ன அக்கா அனுப்பினாங்க. காட்டலாமா வேணாமான்னு யோசிச்சேன்."

அக்கா எழுதியிருந்தாள்: "ஃபாதர், எண்ணெய் பூசிக்க எனக்கு ஆசைதான். ஆனா தங்கச்சி பயப்படுறா. நீங்க வந்துட்டுப் போயி எனக்கு ஏதாவது ஆயிட்டா, தான் கூப்பிட்டதாலதான்னு காலம் பூரா நெனச்சு அழுவா. அவளா கூப்பிடுற வரைக்கும் வராதீங்க."

"அதையும் மீறி நான் வந்திருக்கணும்," என்றார் ஃபாதர். "அது மனச அரிக்குது."

தப்பு அவருடையதாகவே இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் விட்டுவிடத் தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அந்த வாரம் நீங்க பினாங்ல இருந்தீங்க, ஃபாதர்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்கயும் போவலையே. இங்கதான் இருந்தேன்."

"தெரியும். உங்கள அனுப்பி வெச்சது நான்தான்."

அக்கா எண்ணெய் கேட்ட அந்தச் செவ்வாய்க்கிழமைக் கஞ்சியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிவிட்டது.